அப்பாவும் சாஃப்ட்பாலும்: எல்லாரும் கேட்ட கேள்விங்க, எங்க வீட்டு பதிலுங்க

அப்பா போயி நாலு மாசம் ஆச்சு. துக்கத்துக்கு வந்தவங்க, பதினாறாம் நாளுக்கு வந்தவங்க, அப்புறம் அவரு நெனப்பா அவரோட டீம் பசங்க இங்க மலேசியாவுல, பட்டர்வொர்த்துல வெச்ச ஆட்டத்தப் பாக்க வந்த சொந்தக்காரங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி அதே கேள்விங்களத்தான் கேட்டாங்க. அம்மா பதில் சொல்ல ஆரம்பிப்பாங்க, பாதியில தொண்ட அடைச்சிடும். அதனால நானே உக்காந்து எழுதிட்டேன். யாரு எப்படிக் கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன்.

உங்கப்பா பெரிய கிரிக்கெட் பிளேயராமே?

இல்லீங்க. ஹால்ல மாட்டியிருக்கிற போட்டோவுல அவரு கால்ல பேட் கட்டிக்கிட்டு குந்தியிருக்கிறதப் பாத்து நெறைய பேரு விக்கெட் கீப்பர்னு நெனச்சிட்டாங்க. அது சாஃப்ட்பால். அப்பா ஆடுனது கேட்ச்சர், அதாவது அடிக்கிறவருக்குப் பின்னாடி குந்தி பந்தப் புடிக்கிற ஆளு.

ஆட்டம் எப்படின்னா, ஒரு டீமுக்கு 9 பேரு. தெடல்ல சாய்சதுரமா நாலு பேஸ், ஒண்ணுக்கொண்ணு 60 அடி. பந்து போடறவரு பிட்ச்சர், அவரு கைய கீழேருந்துதான் வீசணும், பந்து தரையில குத்தி வராது, நேரா வரும். அடிச்சவங்க முதல் பேஸுக்கு ஓடணும், அப்படியே ரெண்டு, மூணுன்னு சுத்தி திரும்ப அடிச்ச எடத்துக்கே வந்து சேந்தா ஒரு ரன். அடிக்க வேண்டிய பந்த அடிக்காம தவற விட்டா அது ஸ்ட்ரைக், மூணு ஸ்ட்ரைக் போனா அவுட், மூணு பேரு அவுட்டானா எதிர் டீம் அடிக்கும், ரெண்டு டீமும் அடிச்சா ஒரு இன்னிங்ஸ். மொத்தம் 7 இன்னிங்ஸ். பசியாறிட்டுப் போனா மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம், கிரிக்கெட் மாதிரி நாள் பூரா இழுக்காது.

அப்போ பேஸ்பால்னு சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

அண்ணன் தம்பின்னு சொல்லலாம், ஒண்ணுன்னு சொல்ல முடியாது. பேஸ்பால்ல பிட்ச்சர் கைய மேல தூக்கி எறிவாரு, பேஸுக்கு பேஸ் 90 அடி, 9 இன்னிங்ஸ், பந்து சின்னது. சாஃப்ட்பால்ல தெடல் சின்னது, பந்து பெருசு. பிட்ச்சர் நிக்கிற எடமும் கிட்ட. பேஸ்பால்ல 60 அடி 6 அங்குலம், சாஃப்ட்பால்ல ஆம்பளைங்களுக்கு 46 அடி, பொம்பளைங்களுக்கு 43 அடி. கீழேருந்து வீசுறதுதானேன்னு லேசா நெனச்சிட்டு பேட்ட புடிச்சவங்க எல்லாம் மொத பந்துலயே தெரிஞ்சிக்குவாங்க, அவ்வளவு கிட்டருந்து வரும்போது யோசிக்கவே நேரம் இருக்காது.

பொறந்தது அமெரிக்காவுல, சிகாகோவுல, 1887-ல. ஜார்ஜ் ஹான்காக்குன்னு ஒருத்தரு, ஒரு படகு கிளப்புக்குள்ள, ஒரு பாக்ஸிங் கிளவ்வ கயித்தால உருண்டையா கட்டி பந்தாக்கி, தொடப்பக் கட்ட மாதிரி ஒரு கம்ப பேட்டாக்கி ஆரம்பிச்சு வெச்சாரு. அப்பா இந்தக் கதைய எத்தன தடவ சொன்னாரோ கணக்கே இல்ல. கையில இருக்கிறத வெச்சு கண்டுபிடிச்ச ஆட்டம்னு அவருக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

பேருலயே சாஃப்ட் இருக்கு, பந்து மெத்துன்னுதானே இருக்கும்? அப்புறம் எப்படி அவரு வெரலு அப்படி கோணிக்கிச்சு?

சாஃப்ட்பால்ங்கிற பேரே 1926-லதான் வந்துச்சு, வால்டர் ஹகன்சன்னு ஒருத்தரு வெச்சது. மெத்துன்னு இருந்த காலத்துப் பேரு ஒட்டிக்கிச்சு, பந்து மட்டும் மாறிப்போச்சு. இப்ப சுத்தளவு 12 அங்குலம், எடை கிட்டத்தட்ட 180-லருந்து 200 கிராம். கிரிக்கெட் பந்தே 163 கிராமத் தாண்டாது, அதவிட இது கனம். கையில வாங்கிப் பாத்தாத்தான் தெரியும்.

அந்த வெரலு, வலது கை மோதிர வெரலு, 1985-ல ஒடஞ்சது. அடிச்சவரு பேட்டோட ஓரத்துல லேசா பட்டு திரும்புன பந்து நேரா வெரல்ல வந்து எறங்கிடுச்சு. கல்யாணத்துக்கு மூணு வாரந்தான் இருந்துச்சு. எங்க வீட்டு கல்யாண ஆல்பத்துல மால மாத்துற போட்டோவப் பாருங்க, மாப்பிள்ள வெரல்ல வெள்ளையா பிளாஸ்டர் தெரியும். தாலியில மொத முடிச்சு மட்டும் எப்படியோ போட்டுட்டாரு, மீதி ரெண்டையும் எங்க அத்த போட்டாங்க, அது எப்படியும் நாத்தனார் போடறதுதான், அதனால யாருக்கும் ஒண்ணும் தெரியல. அம்மாவுக்கு மட்டும் தெரியும், அந்த ஒரு முடிச்சு போடறப்ப அவரு கை நடுங்குனது வலியிலன்னு.

பட்டர்வொர்த்துல பொறந்த தமிழருக்கு இந்த வெள்ளக்காரன் ஆட்டம் எங்கேருந்து வந்துச்சு?

வேலிக்கு அந்தப் பக்கத்துலருந்து. எங்க தாத்தா ஆஸ்திரேலியாக்காரன் கேம்ப்புல, அதாவது பட்டர்வொர்த் ஏர் பேஸ்ல, புல்லு வெட்ற வேலையில இருந்தாரு. அம்பதுகள்லருந்து 1988 வரைக்கும் அந்த பேஸ் அவங்க கையிலதான இருந்துச்சு, குடும்பத்தோட வந்து இருந்தாங்க. நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு அங்க சமையல், தோட்டம், ஸ்டோர்னு வேல பாத்து பிள்ளைங்கள வளத்தாங்க. அப்பா தாத்தாவுக்கு சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோவாராம், அப்ப வேலி ஓரமா நின்னு அவங்க ஆடறத பாப்பாராம். ஆம்பள பொம்பள ரெண்டு பேரும் சேந்து ஆடறத அப்பத்தான் மொத மொதல்ல பாத்தேன்னு சொல்வாரு.

1970-ல, அப்பாவுக்கு 12 வயசு, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு குடும்பம் வீட்ட காலி பண்றப்ப வேண்டாம்னு போட்டுட்டுப் போன சாமான்ல ஒரு கிளவ் இருந்துச்சு. தாத்தா அத கேட்டு வாங்கிட்டு சைக்கிள் ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு தெலுக் ஆயர் தாவார்லருந்த வீட்டுக்கு வந்தாரு. வார் அறுந்துபோயி கெடந்துச்சாம், பாட்டி சப்பாத்துக் கயித்த கோத்துக் குடுத்தாங்க. கிளவ் இருக்கு, பந்து இல்ல. பழைய காலுறைக்குள்ள கந்தல் துணிய அமுக்கி, சைக்கிள் டியூப்ப வெட்டி மேல சுத்தி பந்து செஞ்சாங்களாம். அப்புறம் இடைநிலைப்பள்ளியில ஒரு மலாய்க்கார சிக்கு, அதாவது வாத்தியாரு, சாஃப்ட்பால் டீம் ஆரம்பிச்சாரு, சொந்த கிளவ்வோட வந்த ஒரே பையன் எங்கப்பாதான்.

கேட்ச்சர்னா சும்மா பந்த புடிச்சிக் குடுக்கறவருதானே?

அப்பாகிட்ட இப்படிக் கேட்டிருந்தீங்கன்னா ஒரு மணி நேரம் உங்கள விட்டிருக்க மாட்டாரு.

தெடல்ல எட்டு பேரு ஒரு பக்கம் பாத்து நிப்பாங்க, கேட்ச்சர் ஒருத்தர் மட்டும் எதிர்ப் பக்கம் பாத்து குந்தியிருப்பாரு. அதனால முழு தெடலும் அவரு கண்ணுக்குத்தான் தெரியும். யாரு எங்க தள்ளி நிக்கணும், அடுத்த பந்து எப்படிப் போடணும், யாரு திருட்டுத்தனமா அடுத்த பேஸுக்கு ஓடப்பாக்கறா, எல்லாம் அவரு பாத்து சொல்லணும். முகமூடி, நெஞ்சுக் கவசம், கால் கவசம்னு எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நம்ம ஊரு வெயில்ல ஒரு ஆட்டத்துக்கு நூறு தடவைக்கு மேல குந்தி எந்திரிக்கணும்.

இதுல ஒரு வேல இருக்கு, ஆட்டம் பாக்கறவங்க அதப் பாக்கவே மாட்டாங்க. பேஸ்ல யாரும் இல்லாதப்ப ஒருத்தர் தரையோட அடிச்சிட்டு முதல் பேஸுக்கு ஓடறாருன்னு வைங்க, பந்த எடுத்தவங்க முதல் பேஸுக்கு எறிவாங்க. அந்த நேரத்துல கேட்ச்சர் எந்திரிச்சி அவ்வளவு கவசத்தோட முதல் பேஸுக்குப் பின்னாடி ஓடணும். எதுக்கு? எறிஞ்ச பந்து தவறிப் போச்சுன்னா தடுக்க. நூத்துக்கு தொண்ணூறு தடவ தவறாது. சும்மா ஓடி சும்மா திரும்பி வந்து மறுபடி குந்தணும், யாரும் கைதட்ட மாட்டாங்க. அப்பா ஒரு தடவகூட ஓடாம இருந்ததில்லன்னு அவரு கூட்டாளிங்க எல்லாரும் சொல்றாங்க. "தவறிட்டா?" அப்படின்னு ஒரே வார்த்ததான் சொல்வாராம்.

ஆட்டம் ஆட்டம்னு போனா வீட்ட யாரு பாத்தா? உங்கம்மாவுக்கு கோவமே வராதா?

இத நெறைய பேரு என் காதுல மெதுவா கேட்டாங்க, அதனால வெளிப்படையாவே சொல்றேன். அப்பா துறைமுகத்துல ஷிஃப்ட் வேல, அம்மா பிறையில எலக்ட்ரானிக் பேக்டரியில நைட் ஷிஃப்ட். பேக்டரி பஸ் காலையில ஏழேகாலுக்கு சிம்பாங்ல எறக்கிவிடும், அங்கேருந்து வீடு இருநூறு மீட்டர்கூட இருக்காது. அப்பா வேலையில இல்லாத அத்தன காலையிலயும் மோட்டார எடுத்துட்டுப் போயி அங்க நிப்பாரு. அம்மா எத்தனையோ தடவ சொல்லியிருக்காங்க, நடந்தே வந்துடுவேனே, தூங்குங்க, எதுக்கு நிக்கிறீங்கன்னு. அவரு பதில் மேல சொன்ன அதே வார்த்ததான், கொஞ்சம் மாத்தி. "பஸ்ஸு வராட்டி?" இருபத்தாறு வருஷத்துல பஸ் வராம போனது மூணே தடவ. அந்த மூணு தடவையும் அவரு மோட்டார்ல பேக்டரி வாசலுக்கே போயி கூட்டிட்டு வந்தாரு.

எனக்கும் அண்ணனுக்கும் காலையில பசியாற பண்ணிக் குடுத்தது, சட்ட தேச்சது, என் சடைய பின்னி விட்டது எல்லாம் அப்பாதான். கோணல் வெரலோட பின்னுவாரு, சட அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சிதான் இருக்கும். டியூஷன் முடியறப்ப வாசல்ல நிப்பாரு. பரீட்ச ஹாலுக்கு வெளிய மரத்தடியில நிப்பாரு, பென்சில் ஒடஞ்சிட்டான்னு சட்டப் பையில ரெண்டு பென்சில் சீவி வெச்சிருப்பாரு. தைப்பூசமும் ஒரு போட்டியோட ஃபைனலும் ஒரே நாள்ல வந்தப்ப, அம்மாவோட பால்குடத்துக்குப் பின்னாடி தண்ணீர்மலைக்கு நடந்தாரு, டீம்ல வேற ஆள கேட்ச்சரா போடச் சொல்லிட்டு.

ஆனா ஒரு தடவ தவறிடுச்சு. 1992, கோத்தா பாருல மூணு நாள் போட்டி. அப்பா போயிருந்தாரு. அண்ணனுக்கு நடுராத்திரி காய்ச்சல்ல இழுத்துக்கிச்சு, அம்மா என்ன இடுப்புல வெச்சிக்கிட்டு பக்கத்து வீட்டு சீன அங்கிள் காடியில அண்ணன ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனாங்க. கைபேசி இல்லாத காலம், அப்பாவுக்குத் தெரிஞ்சதே ரெண்டாம் நாள். ஆட்டத்த விட்டுட்டு பஸ் ஏறி வந்தாரு. அம்மா ஒரு வாரம் பேசல, கோவம் வராதான்னு கேட்டீங்கள்ல, வந்துச்சு. அதுக்கப்புறம் நான் அஞ்சாம் படிவம் முடிக்கிற வரைக்கும் அப்பா வெளியூரு போட்டிக்குப் போகவே இல்ல. அவர யாரும் போகாதீங்கன்னு சொல்லல, அம்மாவே போயிட்டு வாங்கன்னுதான் சொன்னாங்க.

நாட்டுக்கு ஆடியிருக்காரா? கப்பு எல்லாம் நெறைய இருக்குமே?

நாட்டுக்கு ஆடல. ஒரு தடவ தேர்வுக்குக் கூப்பிட்டாங்க, கோலாலம்பூர்ல தங்கி பயிற்சி எடுக்கணும்னாங்க, அப்ப அண்ணன் வயித்துல இருந்தான், போகல. கப்பு அலமாரியில ஏழு இருக்கு, அதுல ரெண்டுல அம்மா ஊதுபத்தி குத்தி வெச்சிருக்காங்க, ரொம்ப காலமா.

இது பொம்பளப் பிள்ளைங்க ஆட்டம்தானே, ஆம்பள எதுக்கு இத்தன வருஷம் ஆடுனாரு?

நம்ம பள்ளிக்கூடங்கள்ல பொண்ணுங்களும் ஆடறாங்க பையனுங்களும் ஆடறாங்க. ஒலிம்பிக்ஸ்ல மட்டும் பொம்பளைங்களுக்குத்தான் வெச்சிருக்காங்க, அதனால இப்படி ஒரு நெனப்பு வந்திருக்கலாம். உலகப் போட்டி பொம்பளைங்களுக்கு 1965-ல மெல்பர்ன்ல ஆரம்பிச்சது, ஆம்பளைங்களுக்கு அதுக்கு அடுத்த வருஷமே மெக்ஸிகோவுல. அதுல பொம்பளைங்களுக்கு மொதல்ல வந்துச்சுங்கிறது அப்பாவுக்கு ரொம்ப புடிச்ச விஷயம்.

அண்ணனுக்கு ஆட்டத்துல அவ்வளவு இஷ்டம் இல்ல. நாந்தான் அப்பா பின்னாடியே போவேன். பொட்டப் புள்ளய வெயில்ல கருக்க வெக்கிறியேன்னு கேட்ட ஒறவுக்காரங்க இருந்தாங்க. அப்பா சண்ட போட மாட்டாரு, மறுநாள் எனக்கு ஒரு தொப்பி வாங்கிட்டு வந்தாரு, அவ்வளவுதான்.

என்ன வலது ஓரத்துல, ரைட் ஃபீல்டுல நிக்க வெச்சாரு. அங்க பந்து கொறச்சலாத்தான் வரும், ஆடத் தெரியாதவங்களத்தான் அங்க போடுவாங்கன்னு கூட ஆடுன பிள்ளைங்க சொல்ல, நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாம அழுதேன். அப்ப அப்பா சாப்பாட்டுத் தட்டுலயே சோத்த வெச்சு தெடல் போட்டுக் காட்டுனாரு. முதல் பேஸுக்கு எறியறப்ப பின்னாடி ஓடி வரவேண்டிய ஆளு ரெண்டு பேரு பாப்பா, ஒண்ணு கேட்ச்சர், இன்னொண்ணு ரைட் ஃபீல்டர், நீ அந்தப் பக்கத்துலருந்து வருவ, நான் இந்தப் பக்கத்துலருந்து வருவேன், அப்படின்னாரு.

தெடல்லயே சரிஞ்சி விழுந்து போயிட்டாருன்னு கேள்விப்பட்டோமே?

இல்ல, தயவு செஞ்சி இத யாரும் இனிமே சொல்ல வேணாம். அப்பா வீட்டுல, விடியக்காலம், தூக்கத்துல போனாரு. அம்மா பக்கத்துல இருந்தாங்க. அவருக்கு சக்கர வியாதி ரொம்ப வருஷமா இருந்துச்சு, கிட்னி பாதிச்சி 2019-லருந்து டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளின்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு, ஞாயித்துக்கிழம பயிற்சி இருக்குல்ல.

டயாலிசிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில ரெண்டு ரத்தக் கொழாய சேத்து ஒரு சின்ன ஆப்பரேஷன் பண்ணுவாங்க, ஃபிஸ்டுலான்னு சொல்வாங்க, ஊசி அங்கதான் போடணும். பெரும்பாலும் அதிகமா பொழங்காத கையிலதான் பண்ணுவாங்க, அப்பாவுக்கு எடது கை. கிளவ் மாட்டற கையும் அதுதான். வலது கையால எறியறவங்க எடது கையிலதான் கிளவ் மாட்டணும். அந்தக் கையில அடிபடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இறுக்கமா எதுவும் கட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்பா தல ஆட்டுனாரு. வீட்டுக்கு வந்து கிளவ்வ எடுத்து தேங்கா எண்ண தடவி, பந்த உள்ள வெச்சு துணியால கட்டி அலமாரியில வெச்சாரு. 49 வருஷம் ஆடுன மனுஷன் அன்னிக்கு சாயங்காலம் அது ஒண்ணுதான் பண்ணாரு. அடுத்த ஞாயித்துக்கிழம நாற்காலியும் புத்தகமும் பென்சிலுமா தெடலுக்குப் போயிட்டாரு, ஸ்கோர் எழுத.

ஒலிம்பிக்ஸ்ல இப்ப இருக்கா, எடுத்துட்டாங்களா?

ரெண்டும் நடந்துச்சு. 1996-ல அட்லாண்டாவுல மொத தடவ, 2008 பெய்ஜிங் வரைக்கும் இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. டோக்கியோவுல திரும்ப வந்துச்சு, பாரிஸ்ல இல்ல, 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல மறுபடி இருக்கு. மொத மூணு தங்கமும் அமெரிக்காவுக்கு, 2008-லயும் டோக்கியோவுலயும் ஜப்பானுக்கு.

பெய்ஜிங்ல ஜப்பான் பிட்ச்சர் யுகிகோ உவேனோ ரெண்டே நாள்ல மூணு ஆட்டம் ஆடி 413 பந்து போட்டாங்க, ஃபைனல்ல 3-1. அப்பா ஷிஃப்ட் மாத்திக்கிட்டு டீவி முன்னால உக்காந்து ஃபைனல் பாத்தாரு, உவேனோவ விட அவங்க கேட்ச்சரத்தான் அதிகமா பாத்தாரு. டோக்கியோ ஃபைனல் 2021 ஜூலையில, நம்ம ஊரு பூட்டிக் கெடந்த நேரம், டயாலிசிஸ் சென்டருக்கும் வீட்டுக்கும் தவிர அவரு எங்கயும் போக முடியாது. அந்த ஆட்டத்துல ஆறாவது இன்னிங்ஸ்ல அமெரிக்காக்காரங்க ஓங்கி அடிச்ச பந்து மூணாவது பேஸ்ல நின்ன பொண்ணு கையில பட்டு தெறிச்சிச்சு. தரையில விழறதுக்குள்ள பின்னாடி வந்த ஷார்ட்ஸ்டாப் பொண்ணு, ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிறவங்க, அத அப்படியே புடிச்சி ரெண்டாவது பேஸுக்கு எறிஞ்சிடுச்சு, ஒரே அடியில ரெண்டு அவுட்டு. ஜப்பான் 2-0. அப்பா சோபாவுலருந்து எந்திரிச்சே நின்னுட்டாரு. "பாத்தியா, பின்னாடி வந்துச்சு பாத்தியா" அப்படின்னு என் கைய புடிச்சி ஆட்டுனாரு, எடது கையால, அம்மா கைய கைய பாருங்கன்னு கத்துனாங்க.

பெட்டியில அவரு கிளவ்வ வெச்சீங்களா? மாட்டுத் தோலாச்சே, வெக்கலாமா?

வெக்கல. டீம் பசங்க ஆசப்பட்டாங்க, பெரியப்பா கூடாதுன்னுட்டாரு, மாட்டுத் தோல சாமி கும்பிட்டு அனுப்பற எடத்துல வெக்கிறதான்னு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொரல் ஒசந்துடுச்சு. ரெண்டு பேரு சொன்னதும் அவர் மேல இருந்த பாசத்துலதான், அத நான் அன்னிக்கே பெரியப்பாகிட்டயும் சொன்னேன்.

கடசியில அம்மா உள்ள போயி கட தெருவுல விக்கிற சின்ன 555 புத்தகம் புதுசா ஒண்ணும் சீவுன பென்சில் ஒண்ணும் கொண்டாந்து அவரு சட்டப் பையில வெச்சாங்க. யாரும் ஒண்ணும் பேசல.

அந்த 555 புத்தகத்துல என்னதான் எழுதி வெச்சிருக்காரு? ஒண்ணுமே புரியலயே.

மளிகக் கடையில கடன் எழுதற அதே புத்தகந்தான், நம்ம வீட்டுங்கள்ல எல்லாம் இருந்திருக்கும். அப்பா ஒரு பக்கத்துலருந்து வீட்டுக் கணக்கு எழுதுவாரு, அரிசி, பால்மாவு, ஸ்கூல் பஸ்ஸு. திருப்பி வெச்சு அந்தப் பக்கத்துலருந்து ஆட்டக் கணக்கு. எங்க பரீட்ச மார்க்கும் ஆட்டப் பக்கத்துலதான் எழுதியிருக்கு, வீட்டுக் கணக்குல இல்ல. 61 புத்தகம் இருக்கு.

படிக்கிறது கஷ்டமில்ல. தெடல்ல ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு நம்பர். பிட்ச்சர் 1, கேட்ச்சர் 2, முதல் பேஸ் 3, ரெண்டாவது 4, மூணாவது 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் எடது ஓரம் 7, நடு 8, வலது ஓரம் 9. 6-4-3-ன்னு இருந்தா ஷார்ட்ஸ்டாப் எடுத்து ரெண்டாவது பேஸுக்குக் குடுத்து, அங்கேருந்து முதல் பேஸுக்குப் போயி ரெண்டு பேரு அவுட்டுன்னு அர்த்தம். இங்கிலீஷ் கே எழுத்து ஸ்ட்ரைக் அவுட்டு, அதையே திருப்பிப் போட்டிருந்தா பேட்ட ஆட்டாமயே நின்னு அவுட்டாயிட்டாங்கன்னு அர்த்தம். யாராவது தப்பு பண்ணிட்டா எரர், அதுக்கு ஈ போட்டு பக்கத்துல அந்த ஆளோட நம்பர்.

1992 புத்தகத்துல ஒரு பக்கம் இருக்கு. தேதி மட்டும் போட்டிருக்கு, டீம் பேரு இல்ல, இன்னிங்ஸ் இல்ல, ரன் இல்ல. நடுவுல ஈ-2. அவ்வளவுதான். தேதிய பாத்ததும் அம்மாதான் கண்டுபிடிச்சாங்க, அண்ணன ஆஸ்பத்திரியில சேத்த ராத்திரி அது. முப்பது வருஷத்துக்கு மேல அந்தப் புத்தகம் வீட்டுலதான் இருந்திருக்கு, அம்மாவுக்குத் தெரியாது.

ஆட்டத்துல அந்தப் பொண்ணு மூணு ஸ்ட்ரைக் வாங்குச்சு, அவுட்டுன்னு நெனச்சா முதல் பேஸுக்கு ஓடிடுச்சு, அம்பயரும் விட்டுட்டாரு. அது எப்படி?

நெனப்பு ஆட்டத்தப் பாக்க வந்த மாமா கேட்டது, நல்ல கேள்வி. மூணாவது ஸ்ட்ரைக்க கேட்ச்சர் தரையில படாம புடிக்கணும். புடிக்காம விட்டுட்டா, முதல் பேஸ்ல ஆளு இல்லாம இருந்தா, இல்ல ஏற்கனவே ரெண்டு அவுட்டு ஆயிருந்தா, அடிக்கிறவங்க ஓடலாம். அவங்கள தொட்டோ, முதல் பேஸுக்கு எறிஞ்சோதான் அவுட்டாக்கணும். முதல் பேஸ்ல ஆளு இருக்கிறப்ப ஏன் விட மாட்டாங்கன்னா, கேட்ச்சர் வேணும்னே பந்த கீழ போட்டுட்டு ரெண்டு பேர அவுட்டாக்கப் பாப்பாரு, அத தடுக்கத்தான். பிட்ச்சர் தன் வேலைய முடிச்சிட்டாலும் கேட்ச்சர் முடிக்காம ஆளு அவுட்டாக மாட்டாங்கன்னு அப்பா சின்னப் பசங்களுக்கு சொல்லித் தருவாரு.

அவரு போன்ல உங்கம்மா நம்பர் "1"-னு மட்டும் இருந்துச்சாமே, பேரு போடாம?

ஆமா. டயாலிசிஸ் சென்டர் நர்ஸு அவசரத்துக்கு யாருக்கு கூப்பிடறதுன்னு தேடினப்ப, 1, 6, 9-னு மூணு நம்பர்தான் மேல இருந்துச்சாம், பேரே இல்ல. ரகசிய நம்பரான்னு கேட்டாங்க.

மேல 555 புத்தகத்துக்கு சொன்ன அதே நம்பர்தான். அம்மா 1, பந்து அவங்க கையிலருந்துதான் கெளம்பும். அண்ணன் 6. நான் 9. அம்மாவோட போன்ல அப்பா பேரு பல வருஷமா "அவரு"ன்னு இருந்துச்சு. இப்ப பேரன்கிட்ட குடுத்து 2-ன்னு மாத்தச் சொல்லியிருக்காங்க, அழிக்கல.

அவரோட சாமானெல்லாம் இப்ப எங்க? ஞாயித்துக்கிழம பயிற்சி நின்னு போச்சா?

நிக்கல. காலையில ஏழரைக்கு, அதே தெடல்ல. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க, சீனப்பள்ளிப் பிள்ளைங்க, கம்போங்லருந்து வர்ற பசங்க எல்லாம் சேந்துதான் ஆடறாங்க, எட்டு வயசுக்கு மேல யாரு வேணும்னாலும் வரலாம், காசு கெடையாது, தண்ணி போத்தலும் தொப்பியும் கொண்டாந்தா போதும்.

கேட்ச்சர் முகமூடி, நெஞ்சுக் கவசம், ரெண்டு செட் கால் கவசம், நாலு பேட், பதினோரு கிளவ்வு பச்ச பையில இருக்கு, பை எங்க வீட்டு முன் அறையில இருக்கு. வேணுங்கிறவங்க அம்மாகிட்ட கேட்டு எடுத்துட்டுப் போயி, தொடச்சி காய வெச்சு சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து வெச்சிடுங்க. 1970 கிளவ் மட்டும் பையில இல்ல, அத அம்மா சாமி மேடைக்குப் பக்கத்துல வெக்காம, அப்பா படத்துக்குக் கீழ தனியா ஒரு பலகையில வெச்சிருக்காங்க, பெரியப்பா மனசும் நோகக் கூடாதுன்னு. மாசத்துக்கு ஒரு தடவ எண்ண தடவறது என் வேல. ஸ்கோர் எழுத ஆளு வேணும், பென்சில் புடிக்கத் தெரிஞ்சா போதும், நம்பர நான் சொல்லித் தரேன்.